மண் கலக்கலாம், பெயர் கரையலாமா?

கடலூர் மாவட்டத்தில், தொடர்வண்டி நிலையப் பலகையிலும் அரசு ஏடுகளிலும் விருத்தாசலம் என்று எழுதப்படும் ஊரின் பழம்பெயர் முதுகுன்றம். தேவாரம் பாடிய மூவரும் அவ்வூரை முதுகுன்றம் என்றே பாடினர். அங்குறையும் இறைவன் பழமலைநாதர், இறைவி பெரியநாயகி. பிற்காலத்தார் முதுமையை 'விருத்தம்' ஆக்கினர். குன்றை 'அசலம்' ஆக்கினர். இரண்டையும் ஒட்டி ஊரின் நெற்றியில் வடமொழிப் பட்டயம் ஒன்றை அறைந்தனர். வேதாசலம் என்று பெயரிடப்பட்ட பெருமகனார் ஒருவர் அதே 'அசலத்தை' மலையாகவும் 'வேதத்தை' மறையாகவும் திருப்பி மறைமலை ஆனார். 1916இல் அரும்பிய தனித்தமிழ் இயக்கத்தின் வரலாறு அப்பெயர் மாற்றத்தோடு பிணைந்தே பேசப்படுகின்றது. ஆளுக்குக் கிடைத்த மீட்சி ஊருக்கு இன்னும் கிடைத்திலது. முதுகுன்றத்தை அடுத்துள்ள நல்லூர் மட்டும் எப்படியோ தப்பிற்று. அதனைச் 'சுபபுரம்' ஆக்க ஏனோ ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்தது மண். நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, கரியை மூடிக்கிடந்த மண்ணைப் பெயர்த்துக் குவிக்கத் தொடங்கியபோது, அக்குவியலோடு உயர்ந்த களிமண்ணும் வெளிவந்தது. கரி மின்னாகிக் கம்பி வழியே அயல் மாநிலங்கட்கும் ஓடிற்று. களிமண்ணேனும் பக்கத்தூரில் நின்றது. அதனை நம்பி முதுகுன்றத்தில் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு கல்வி நிலையமும் எழுந்தது. மின் உருகி தாங்கிகள், அகல்கள், பொம்மைகள், கலங்கள் எனப் பலவும் அங்குள்ள சூளைகளினின்று நாடெங்கும் செல்கின்றன. பீங்கான் என்னும் சொல்லே பாரசீகத்தினின்று வந்தது என்பதைத் தொழிற்பேட்டையில் எத்துணைப் பேர் அறிவர்? அறியாமல் வழங்குவதுதான் ஈண்டுப் பேசப்படும் செய்தியின் வேர். அதற்கு முன் கடல் கடந்து வாழும் கலைஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் இரமேசு மரியோ நித்தியேந்திரன். 1988இல் கொழும்பில் பிறந்தார். ஈழத்தில் போர் மூண்டிருந்த அக்காலத்தில், ஓராண்டுக் குழந்தையாகக் குடும்பத்தோடு ஆத்திரேலியாவுக்குப் பெயர்ந்து சிட்னியில் வளர்ந்தார். பயின்றது ஓவியமும் கோட்டுருவமும், கைக்கொண்டதோ களிமண். 2015இல் சிட்னி மையர் அறக்கட்டளையின் ஆத்திரேலிய மட்கலைப் பரிசினைப் பெற்றார். பரிசுத்தொகை 50,000 வெள்ளி. 2016இல் கான்பெராவில் உள்ள ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 'மண் மாந்தர்' என்று பொருள்படும் பெயரில் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டு. 2020இல் நியூ சவுத்து வேல்சு கலைக்கூடத்தின் முகப்பு மண்டபத்தில் அவருடைய சுடுமண் உருவங்களும் வெண்கல உருவங்களும் பெருந்திரளாக நிறுத்தப்பட்டன. 2022இன் இறுதியில் கிளாசுகோ நகரில் அவருடைய படிமைகள் தனிக் காட்சியாயின. பத்தாண்டுகளுக்குள் வளரும் கலைஞர் என்ற நிலையைக் கடந்து உலக அரங்கில் நிலைபெற்றவர் இவர்.

அவருடைய பெயரைச் சற்று நின்று நோக்கினால் வரலாறு ஒன்று தெரியும். இரமேசு என்பது வடமொழி. மரியோ என்பது கத்தோலிக்க மேலைநாட்டுப் பெயர். நித்தியேந்திரன் என்பது வடசொற்கள் இரண்டைப் புணர்த்துத் தமிழ் ஈறு தந்த பெயர். மூன்று சொற்களில் தமிழ் என்று காட்ட எஞ்சுவது கடைசியில் நிற்கும் 'அன்' மட்டுமே. இது அவர்மேல் சுமத்தும் குற்றமன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், அந்த 'அன்' கூட இல்லாத பெயர்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கும்.

அவர் படைக்கும் உருவங்கள் எத்தகையன? ஆளுயரத்துக்கு மேல் நிற்பன பல. ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகள், ஒருடலில் பல கைகள், இளிக்கும் பற்கள், உருட்டி விழிக்கும் கண்கள். விரல் அழுத்திய தழும்புகள் அப்படியே விடப்பட்டிருக்கும். மேலே ஊற்றிய பளிங்குப்பூச்சு வழிந்து, கொப்புளித்து, மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும். ஆணா பெண்ணா என்று துணிய முடியாதபடி சில நிற்கும். காமக் குறிகளை மறையாது காட்டுவன சில. இக்கடைசிச் செய்தி கேட்டு முகஞ்சுளிப்போர் தம்மூர்த் தேரின் அடித்தட்டை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு சுளிப்பது நன்று.

இவ்வுருவங்களின் ஊற்று எது என்று கேட்டால், தம் குடும்பத்தில் ஓடிவந்த இந்து மரபும் கிறித்தவ மரபும் என்பதே அவர் தரப்பில் சொல்லப்படும் விடை. அவரோ தம்மை இறைமறுப்பாளர் என்று அறிவித்துக் கொண்டவர். வழிபடுவதற்காக அவர் அவற்றைச் செய்யவில்லை. வழிபடப்படும் உருவம் மாந்தரை எப்படி ஆட்டிப் படைக்கின்றது, எதனால் அச்சமூட்டுகின்றது, எதனால் ஈர்க்கின்றது என்று துருவிப் பார்ப்பதற்காகவே செய்கிறார். ஒரே சமயத்துக்குள் பிறந்து வளர்ந்தவனுக்குத் தன் கடவுளின் கைகள் நான்காயிருப்பது வியப்பாகத் தோன்றாது. வீட்டின் ஒரு சுவரில் நான்கு கைத் தெய்வமும் மறுசுவரில் ஆணியறைந்த இரு கைகளும் தொங்கக் கண்ட பிள்ளைக்கோ, கை என்பதே ஒரு கேள்வியாகிவிடும். ஒன்றை மற்றொன்றால் அளந்து பார்க்கும் கண் அவனுக்கு வாய்க்கும். கலந்த மரபு கலைஞனுக்குத் தரும் முதற்கொடை அந்தக் கண்தான். நித்தியேந்திரனுடைய உருவங்கள் எந்தக் கோயிலிலும் வைக்க முடியாதனவாய், ஆயினும் எல்லாக் கோயிலையும் நினைவூட்டுவனவாய் நிற்பதற்கு அதுவே கரணியம்.

இரண்டாம் கொடை துணிவு. ஒரு மரபின் இலக்கணத்துக்குள் அடங்கிய கம்மியன் அளவு தப்பினால் குற்றம். இரண்டு மரபுகளின் நடுவே நிற்பவனை எந்த இலக்கணமும் முழுதாய்க் கட்டாது. பொன்னும் வெண்கலமும் பளிங்குக் கல்லும் உயர்ந்தவை, மண் தாழ்ந்தது என்று மேலைக் கலையுலகம் நெடுங்காலமாகப் போற்றிவந்த தரவரிசையை அவர் பொருட்படுத்தவில்லை. குடமும் தட்டும் வனைவோர் வேலை என்று ஒதுக்கப்பட்ட மண்ணை எடுத்துக் கலைக்கூடத்தின் நடுவில் நிறுத்தினார். வேட்கோவரின் தொழிலைக் கீழ்த்தொழில் என்று சாதியடுக்கில் தள்ளிய நாட்டினர் இதனைக் கேட்டு உவப்பதோடு நாணவும் வேண்டும்.

இங்கே தனித்தமிழ் அன்பர் ஒருவர் எழுந்து, "பெயரிலும் கலப்பு, கடவுளிலும் கலப்பு, படைப்பிலும் கலப்பு, இதனைத் தமிழர் ஏன் கொண்டாட வேண்டும்?" என்று வினவக்கூடும். வினா நேர்மையானது. இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்போர், "பார்த்தீர்களா, கலந்ததனால்தான் கலை வளர்ந்தது, மொழியையும் கலக்க விடுங்கள், தூய்மை என்பது வறட்சி" என்று கைகொட்டுவர். இவ்விரு திறத்தாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். கலப்பு என்னும் ஒரு சொல்லால் இருவேறு செயல்களைக் குறித்து, பின்னர் அச்சொல்லுக்காகச் சண்டையிடுகின்றனர்.

மண்ணைப் பிசைபவனைக் கேட்டால் வேறுபாடு விளங்கும். வெறுங்களிமண்ணைக் கொண்டு எந்த வேட்கோவும் பெரிய உருவம் செய்வதில்லை. தனிக்களி காயும்போது சுருங்கி வெடிக்கும், சூளையில் சிதறும். அதனால் மணல் சேர்ப்பான், உமி சேர்ப்பான். ஐயனார் கோயிலுக்கு ஆளுயரக் குதிரை செய்யும் வேளார் இக்கலவையைக் காலால் மிதித்து மிதித்துப் பதன்படுத்துவதைப் புதுக்கோட்டைப் பக்கம் சென்றால் இன்றும் காணலாம். எனவே மண்தொழிலின் முதற்பாடமே கலப்பு. ஆனால் அந்த வேளார்க்குத் தாம் சேர்த்தது எந்த ஏரியின் களி, எந்த ஆற்றின் மணல், எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பது கைவிரல் அறியும். தெரிந்து சேர்த்த மணல் உருவத்தைத் தாங்கும். தெரியாமல் கலந்த சுண்ணாம்புக்கல் துணுக்கோ, சுட்ட பின்னரும் உள்ளேயிருந்து நீரை உறிஞ்சிப் பருத்துக் கலத்தின் மேற்பரப்பைப் பெயர்த்துத் தள்ளும். அதனால்தான் கல்லையும் கட்டியையும் கையால் துழாவிப் பொறுக்கி எறிந்த பின்னரே மண் பிசையப்படுகின்றது.

தனித்தமிழ் இயக்கம் சினந்தது சுண்ணாம்புக்கல்லின் மேல்தான், மணலின்மேல் அன்று. பிறமொழியைக் கற்பதை அது தடுத்ததில்லை. மறைமலையடிகள் ஆங்கிலமும் வடமொழியும் ஆழக் கற்றவர். பாவாணர் பன்மொழி ஆய்ந்தவர். எது தன்னுடையது, எது வந்தது என்னும் தெளிவு அழிந்து, வந்ததே தன்னுடையது போலவும் தன்னுடையது இல்லாததே போலவும் ஆகும் மயக்கத்தைத்தான் அவர்கள் எதிர்த்தனர். அறிந்து கலப்பது வேறு. மறந்து கலப்பது வேறு. நித்தியேந்திரன் செய்வது முன்னது. தம் கலவையில் உள்ளவற்றைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டும் கலைஞர் அவர். இதில் தனித்தமிழர் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

இதற்குச் சான்று தேடி ஆத்திரேலியா வரை போகவும் வேண்டுவதில்லை. முதுகுன்றத்தை அடுத்தே கோணான்குப்பம் இருக்கின்றது. இத்தாலிய நாட்டில் 1680இல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தமிழராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர் அங்கு மரியன்னைக்குக் கோயில் எடுத்தார். அன்னையின் திருவுருவம் தமிழ்ப் பெண்ணின் உடையும் அணியும் பூண்டு, கையில் குழந்தையோடு நிற்கின்றது. அன்னைக்கு முனிவர் வைத்த பெயர் என்ன? பெரியநாயகி. முதுகுன்றத்துப் பழமலைநாதர் கோயிலில் இறைவிக்கு வழங்கும் அதே பெயர்! இத்தாலியத் துறவி, உரோமைச் சமயம், யூதேயா நாட்டுத் தாய், சிவனிய ஊரில் வழங்கிய பெயர் என நான்கு மண் ஒருங்கே பிசைந்த கலவை அது. ஆயினும் அங்கே வரும் உழவர் எவரும் அவ்வுருவத்தை அயலதாக எண்ணுவதில்லை. பெயர் தமிழ், கோலம் தமிழ், கலவையைப் பிடித்து நிற்கும் களி தமிழ். அதே ஊரில் அதே பெரியநாயகியை 'விருத்தாம்பிகை' என்று அழைக்கும் வழக்கமும் புகுந்துவிட்டதே, அதனை என்னென்பது! வெளிநாட்டான் தமிழ்ப் பெயர் தேடி வைத்தான். உள்நாட்டான் இருந்த தமிழ்ப் பெயரை மாற்றி வைத்தான்.

ஈழத்திலும் இத்தகைய கலப்புக்கு நெடிய வரலாறு உண்டு. முதுகுன்றத்துக்கு ஒரு நல்லூர் போல யாழ்ப்பாணத்துக்கும் ஒரு நல்லூர் உண்டு. தமிழரசின் தலைநகராக விளங்கிய அந்நல்லூரைச் சூழ்ந்த குடாநாட்டில் சிவனியமும் கத்தோலிக்கமும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில், ஏன், ஒரே குடும்பத்தின் கிளைகளிலும் வாழ்ந்தன. அம்மண்ணில் 1913இல் தோன்றிய தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கத் துறவி. சேவியர் என்பது அவருடைய சமயப் பெயர். உலகு அவரை அறிந்ததோ தனிநாயகம் என்னும் தமிழ்ப் பெயரால். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவரே முதற்கரணியர். இந்தப் பக்கத்தில் பாவாணரும் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர்தாம். தேவநேசன் தேவநேயன் ஆனது சமயத்தைத் துறந்ததனால் அன்று, சொல்லைத் தெளிந்ததனால். கலந்த பிறப்பும் கலந்த கல்வியும் இவர்களைத் தமிழினின்று விலக்கவில்லை. தமிழ்க்குத் தொண்டு செய்யும் கருவிகளைப் பெருக்கின.

அப்படியாயின் நித்தியேந்திரன் செய்தியில் குறை ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் அது அவருடைய களிமண்ணில் இல்லை. அவரைப் பற்றி எழுதுவோர் ஒட்டும் சீட்டுகளில் உள்ளது. கண்காட்சிக் குறிப்புகளிலும் அறிமுக உரைகளிலும் 'இந்து' என்னும் சொல் இருக்கும், 'கிறித்தவம்' இருக்கும், 'தெற்காசிய' என்னும் அகன்ற போர்வையும் இருக்கும். தமிழ் என்னும் சொல் அவ்வளவு எளிதில் கண்ணிற்படுவதில்லை. இரண்டு மணல்களின் பெயரும் எழுதப்பட்டுக் களியின் பெயர் விடுபட்டுப் போன கலவைக் குறிப்பு அது.

இது சிறு பிழையா? பெரிய மண் உருவத்தை வெயிலில் நிறுத்தி, கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, நிறத்தை அள்ளிப் பூசி, ஊரெல்லையில் காவலாக வைக்கும் வழக்கம் எந்த மறை நூலிலும் சொல்லப்பட்டதன்று. எந்த ஆகமமும் அதற்கு அளவு வகுக்கவில்லை. அது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். ஐயனாருக்கும் அவர் படைவீரர்க்கும் குதிரை செய்ய வேண்டுமெனின் ஊரார் முதலில் ஒரு பிடி மண்ணெடுத்து வேளாரிடம் தருவர். அதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அவர் அம்மண்ணைத் தம் கலவையில் சேர்த்து உருவம் செய்வார். புரவியெடுப்பு நாளில் ஊரே திரண்டு அவற்றைத் தோளில் சுமந்து எல்லைக்குக் கொண்டு சேர்க்கும். பல ஊர்களில் அவ்வேளாரே கோயிலில் பூசை செய்பவரும் ஆவார். செய்தவர் கையும் வழிபடுபவர் கையும் அங்கே ஒன்று. பின் அக்குதிரைகள் மழையில் நனைந்து, வெயிலில் வெடித்து, மீண்டும் அந்த மண்ணிலேயே விழும். எவரும் அவற்றைப் பழுதுபார்ப்பதில்லை. புதியன செய்வதே முறை. இந்த மரபு முழுவதையும் 'இந்து' என்ற ஒரு சொல்லுக்குள் திணித்துவிட்டால், கோபுரமும் மந்திரமும் உடைய பெருஞ்சமயத்தின் ஓரத்துத் துணுக்காக அது மாறிப்போகும். சிட்னியில் அவ்வுருவங்களைக் காணும் வெள்ளையர்க்கு மட்டுமன்று, அங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைக்கும் அது தன் பாட்டன் ஊரின் எல்லையில் நின்றது என்பது தெரியாமலே போய்விடும்.

2020ஆம் ஆண்டுக் காட்சிக்கு அமைந்த பெயரில் 'அவதார்' என்னும் சொல் இருக்கின்றது. கணிப்பொறித் திரையில் ஆடும் பிள்ளைகள் வாய் வழியே உலகமெல்லாம் பரவிவிட்ட வடசொல் அது. தமிழில் தோற்றரவு என்றொரு சொல் இருப்பதைக் கலைஞர்க்கு எடுத்துச் சொல்லத் தமிழுலகத்தில் ஆள் இருந்ததா? தமிழில் கலைத்திறனாய்வு எழுதும் இதழ்களை விரல்விட்டு எண்ணலாம். அவற்றுள்ளும் பாதி நடை ஆங்கிலத்தினின்று பிடுங்கி நட்டது. அயலான் தமிழ் என்று எழுதவில்லை என்று நோவதற்கு முன், தமிழன் தன் மொழியில் அவ்வுருவங்களைப் பற்றி என்ன எழுதினான் என்று கேட்டுக்கொள்வது முறை.

கடல் கடந்தபோதும் கலத்தின்மேல் தமிழில் எழுதிய காலம் ஒன்று இருந்தது. எகிப்து நாட்டுச் செங்கடற்கரையில் குசேர் அல் காதிம் என்னும் பழந்துறையில் கிடைத்த பானையோட்டில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்று கீறப்பட்டிருக்கின்றது. ஒறி என்பது உறி. யார் அந்தத் தமிழன் என்பது தெரியாது. தன் பொருளைத் தன் சொல்லால் குறித்தான் என்பது தெரியும். இங்கே புதுவைக்கருகில் அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில் உரோம நாட்டுக் கலங்களும் தமிழி கீறிய ஓடுகளும் ஒரே குழியில் கிடைத்தன. கலக்க வந்த பண்டங்களுக்கு நடுவில் தம் பெயரைக் கீறி வைத்தவர்கள் அவர்கள். கலப்பு அன்றும் இருந்தது. கீறும் ஆணியும் கையில் இருந்தது.

அந்த அரிக்கமேட்டுக்கு அண்மையில், புதுவையில், 1971இல் இரே மீக்கர், தெபோரா சுமித்து என்னும் அமெரிக்கர் இருவர் ஒரு மட்கலப் பட்டறையை நிறுவினர். சுமித்து யப்பானில் மட்கலை பயின்று வந்தவர். அப்பட்டறையில் பயின்றோர் பலர் இந்தியாவெங்கும் மட்கலைஞராகப் பெயர் பெற்றுள்ளனர். யப்பானிய நுட்பமும் அமெரிக்க ஊக்கமும் தமிழ்நிலத்தருகே கலந்தன, நல்லதே விளைந்தது. இதில் அவர்களைக் குறைகூற எள்ளளவும் இடமில்லை. ஆனால் முதுகுன்றத்தைப் பாருங்கள். மண் அங்கே, சூளை அங்கே, கல்வி நிலையம் அங்கே, தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய கை அங்கே. அங்கிருந்து உலகறிந்த மட்கலைஞர் ஒருவர் எழுந்தாரா? உருகி தாங்கி செய்யும் அச்சில் வார்த்த பொம்மையைத்தான் அவ்வூர் ஏற்றுமதி செய்கின்றது. தொழில் வயிற்றுக்கு வேண்டும், ஐயமில்லை. நல்லூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவன் தன் கையில் உள்ள களிமண்ணைக் கொண்டு தானும் ஓர் உருவம் எழுப்பலாம் என்று எண்ணுவதற்கு இடமே வைக்காத கல்விதான் இங்கே குற்றவாளி.

அக்கல்வி அவனுக்கு மண்ணின் வேதியியலை ஆங்கிலச் சொற்களில் கற்பிக்கின்றது. வீட்டில் பாட்டன் சொன்ன சொல் ஒன்று. வகுப்பில் நூல் சொல்லும் சொல் வேறொன்று. இரண்டும் ஒரே செயலைக் குறிப்பன என்பதைக் கூட அவன் அறியான். பானை, சட்டி, மிடா, தாழி, சால், மொந்தை, தோண்டி, குதிர், அகல் என்று கலத்துக்குக் கலம் வேறு சொல் படைத்த மொழியில், எல்லாவற்றையும் 'பாட்' என்று சொல்லி முடித்துவிடுகிறான். தாழி செய்து தருமாறு வேட்கோவை விளித்துப் புறநானூற்றில் பாடல்கள் உள்ளன. அவ்வேட்கோவின் வழியினன் இன்று தன்னைக் 'குலாலர்' என்று வடமொழியில் எழுதிக்கொண்டால் பெருமை என்று நினைக்கும்படி ஆக்கப்பட்டிருக்கின்றான். இப்படி அடிக்களியின் பெயரே மறந்தவன் கையில் யப்பானையும் இத்தாலியையும் கொடுத்தால் என்ன செய்வான்? படியெடுப்பான். கலப்பதற்குத் தன்னுடையது என்று ஒன்று முதலில் கையில் இருக்க வேண்டுமே!

நித்தியேந்திரனுக்கு வாய்த்த நல்லூழ், தாம் எவ்வெவற்றின் கலவை என்று கேட்டுக்கொள்ளும் கட்டாயம். அயல்நாட்டில் கருத்த தோலோடு வளரும் பிள்ளையை நாள்தோறும் அக்கேள்வி துரத்தும். முதுகுன்றத்துப் பிள்ளையை அக்கேள்வி துரத்துவதில்லை. சொந்த ஊரில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு வடமொழிப் பெயர் தாங்கிய நிலையத்தில் இறங்கி, பாரசீகப் பெயர் தாங்கிய தொழிலை ஆங்கிலத்தில் கற்றுவிட்டு வீடு திரும்புகிறான்.

செய்யத்தக்கது என்ன? ஊர்ப்பெயர் மாற்றத்துக்கு அரசாணை வேண்டும். கல்வி நிலையத்தில் பாடமொழி மாறவும் அரசின் ஒப்புதல் வேண்டும். அவற்றுக்கான முயற்சி நடக்கட்டும். எவர் ஒப்புதலும் வேண்டாத பணி ஒன்று உண்டு. முதுகுன்றத்தையும் நல்லூரையும் சூழ்ந்த சிற்றூர்களில் திகிரி சுற்றும் முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். மண்ணின் வகைகள், மிதிக்கும் பதன்கள், தட்டும் பலகை, உள்ளே அணைக்கும் கல், சூளையின் உறுப்புகள், நெருப்பின் நிலைகள், வெந்த கலத்தைத் தட்டிக் கேட்கும் ஒலியின் வேறுபாடுகள் என ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வாயில் சொல் உண்டு. அச்சொற்களிற் பல அகரமுதலிகளில் ஏறியிரா. அம்முதியோர்க்குப் பின் அவற்றைச் சொல்ல ஆளில்லை; அவர்தம் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் அயலூர் ஆலைகளுக்கும் போய்விட்டனர். ஒரு குறிப்பேடும் திண்ணையில் உட்காரும் பொறுமையும் உள்ள தமிழாசிரியர் நால்வர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் அச்சொற்களைத் திரட்டிவிடலாம். திரட்டியதைச் சிறுநூலாக அச்சிட்டு, ஒரு படியை அரசு கல்வி நிலையத்தின் நூலகத்துக்கும் மற்றொரு படியைச் சிட்னிக்கும் அனுப்பலாம்.